கண்டக்டர் வீட்டு மிஸ்டு கால்

போன வாரம் முதியோர் உதவி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் உங்களில் ஒருவர் எழுந்து, "மேடம், சிவப்பு பட்டன் ஆபத்துக்கு, அது சரி. அந்தப் பச்சை பட்டன் எதுக்கு? காலையில பாதி நேரம் அதைப் பாக்கறதுலயே போவுது. எடுத்துட்டா வேலை கம்மி ஆவும்ல?" என்று கேட்டார். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் சிரித்தவர்கள் மேல்தான் கொஞ்சம் வருத்தம். அதற்குள் டீ வந்துவிட்டது, எல்லோரும் கலைந்துவிட்டீர்கள். பதில் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் மையப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் பெரும்பகுதி இந்தத் திரையெல்லாம் கிடையாது. ஒரு மேசை, அதன்மேல் எண் தெரிகிற லேண்ட்லைன் போன் ஒன்று, அவ்வளவுதான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, இங்கே தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் பெரியவர்களின் வீட்டில் ஒரு பெட்டி வைத்திருந்தோம். வீட்டு லேண்ட்லைனோடு சேர்ந்த பெட்டி. அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எங்கள் போன் அடிக்கும். சாம்பல் பொத்தானை அழுத்தினால் இணைப்பு துண்டாகும். விழுந்தால், நெஞ்சு வலித்தால், சிவப்பை அழுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நாங்கள் எடுத்துப் பேசுவோம், ஆளை அனுப்புவோம்.

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். ஓய்வு பெற்றவர். பெயர் ஒன்று இருந்தது, ஆனால் ஊரே கண்டக்டர் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். மனைவி சரோஜா அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். அவரைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தலை வாருவது எல்லாம் கண்டக்டர்தான்.

பெட்டி வைத்த மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து மணி அடித்தது. பதறிக்கொண்டு எடுத்தேன்.

"நான்தாம்மா. ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் எழுந்துட்டோம், காபி குடிச்சிட்டோம். ரைட்டு."

"ஐயா, ஆபத்துன்னா மட்டும்தான் அதை அமுக்கணும். சும்மா அமுக்கக்கூடாது."

"சும்மா இல்லம்மா. கண்டக்டர் ரைட் சொன்னாத்தான் வண்டி நவுரும். எத்தினி பேர் ஏறியிருந்தாலும் சரி. நான் ரைட் சொன்னாத்தான நீங்க அடுத்த வேலையப் பாக்க முடியும்?"

நான் சிடுசிடுத்தேன். அடுத்த நாளிலிருந்து மனிதர் எனக்குத் தொந்தரவு தராமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். சிவப்பை அழுத்துவார், இங்கே ஒரு முறை மணி அடித்ததும் சாம்பலை அழுத்திவிடுவார். மிஸ்டு கால். நம் ஊரில் பேசாமலே பேசுவதற்கு இதைவிட நல்ல வழி உண்டா? பஸ் ஏறிவிட்டேன் என்பதற்கும், இறங்கிவிட்டேன் என்பதற்கும், வாசலில் நிற்கிறேன் வா என்பதற்கும் நாம் எல்லோரும் கொடுத்தவர்கள்தான்.

அவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்கும்போது மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். கொஞ்ச காலத்தில் காலை நேரம் முழுதும் எங்கள் மேசையில் மணி ஒரு முறை அடித்து நிற்கும், ஒரு முறை அடித்து நிற்கும். ஒருவர் கோலம் போட்டுவிட்டு அடிப்பார், இன்னொருவர் பேப்பர் படித்துவிட்டு. என்னோடு பணியில் இருந்த கவிதா தலையைத் தூக்காமலே, "செங்கம் ரோடு டீச்சர்" என்பாள், "கீழ்பென்னாத்தூர் தாத்தா, இன்னைக்கு லேட்டு" என்பாள். யாராவது அடிக்கவில்லை என்றால் நாங்கள் கூப்பிடுவோம். பெரும்பாலும் தூங்கியிருப்பார்கள், அல்லது மகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சில முறை மட்டும் அப்படி இல்லை. அந்தச் சில முறைகளில் நாங்கள் ஆளை அனுப்பியபோது அவர்கள் தரையில் கிடந்தார்கள், உயிரோடு.

இதற்கு எந்த உத்தரவும் கிடையாது. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. பெரியவர்களே ஆரம்பித்தார்கள், நாங்கள் பழகிக்கொண்டோம்.

பிறகு டிஜிட்டல் வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். லேண்ட்லைன் கம்பிகளைத் தெருத் தெருவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள், மழை பெய்தால் பாதி வீட்டுப் பெட்டி ஊமையாகிவிடும். மாறித்தான் ஆக வேண்டும். சிம் கார்டு போட்ட புதுப் பெட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான், இங்கே மையத்தில் பெரிய திரை. திரையில் ஒவ்வொரு வீடும் ஒரு நீலப் புள்ளி. பெட்டி வேலை செய்தால் நீலம், சிக்னல் இல்லாவிட்டால் சாம்பல், பொத்தானை அழுத்தினால் சிவப்பு. பார்க்க நன்றாகவே இருந்தது.

புதுப் பெட்டி செய்த நிறுவனத்தின் பொறியாளர் வேலூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். சோதனை ஓட்டம் நடந்த வாரத்தில் ஒரு நாள் காலை அவர் முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார். புதுப் பெட்டியில் மிஸ்டு கால் கொடுக்க முடியாது. அழுத்தினால் அழுத்தியதுதான், நாம் பேசி, காரணம் கேட்டு, பதிவு செய்துதான் முடிக்க முடியும். அன்று காலை எல்லாப் பெரியவர்களும் வழக்கம்போல் ரைட் சொல்லியிருந்தார்கள். திரை முழுக்கச் சிவப்பு. அதற்கு நடுவில் ஒரு அம்மா உண்மையிலேயே வழுக்கி விழுந்து அழுத்தியிருந்தார். அவர் முறை வரும்வரை காத்துக் கிடந்தார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் மேலதிகாரியிடம் அறிக்கை போயிற்று. காலை அழைப்புகளுக்கு அதில் வைத்திருந்த பெயர் "தவறான அழைப்பு". எனக்குச் சுருக்கென்றது.

"சார், அது தவறான அழைப்பு இல்ல. ஆள் இருக்காருன்னு அர்த்தம்."

"அதை இனிமே பெட்டியே சொல்லும் மேடம்," என்றார் பொறியாளர் மெதுவாக. "நீலம் எரிஞ்சா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"பெட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம் தம்பி. ஆள்?"

அதிகாரி இருவரையும் பார்த்தார். "விழுந்து கிடந்த அந்தம்மாவுக்கு நாம என்ன பதில் சொல்றதும்மா?" என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். காலை அழைப்புகளை நிறுத்துவது என்று முடிவாயிற்று. வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை எனக்கு.

கண்டக்டர் வீட்டுக்குப் போனபோது அவர் சரோஜா அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கிரிவலப் பாதையைப் பார்த்த வீடு. ஒரு கூடம், அதில் சரோஜா அம்மாவின் கட்டில், கதவோரம் சுவரில் ஒரு பலகை, அதன்மேல் பழைய பெட்டி. புதுப் பெட்டியைச் சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். கழுத்துப் பொத்தான் வீட்டுக்கு ஒன்றுதான். அதைக் கண்டக்டர் மாட்டியிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். சீப்பைக் கீழே வைத்தார்.

"அப்ப காலையில ரைட் சொல்ல வேணாங்கறீங்க."

"வேணாம் ஐயா. பெட்டியே சொல்லிடும்."

"நீங்க சொன்னா சரிதாம்மா." பலகையைக் காட்டிச் சொன்னார், "ஒண்ணு மட்டும். அந்தப் பழைய பெட்டிய எடுக்க வேணாம். லைன் புடுங்கற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும். காலையில நான் அமுக்கறத இவ பாத்துட்டே இருப்பா. செவப்ப அமுக்கி, சாம்பல அமுக்கி, 'சரோஜா, ரைட் சொல்லிட்டேன்'னு சொல்வேன். உடனே கையத் தூக்குவா. எங்களுக்கு அதாம்மா பொழுது விடியறது."

சரோஜா அம்மா கட்டிலில் இருந்தபடியே இடது கையைத் தூக்கிக் காட்டினார். இனி அழுத்த வேண்டாம், பார்வைக்கு இருக்கட்டும் என்று பழைய பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் மையத்தில் காலை நேரம் அமைதியாகிவிட்டது. அதிகாரி வந்து பார்த்து, "இப்பத்தான் ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றார். பழைய போன் ஓரமாக இருந்த மேசைக்குப் போயிற்று, சாதாரண அலுவலக போனாக. எனக்கும் கவிதாவுக்கும் கொஞ்ச நாள் காது பழகவில்லை. காபி குடிக்கும்போது இருவரும் அந்த போனைப் பார்ப்போம். பிறகு அதுவும் நின்றது.

புதுப் பெட்டிகள் வந்த பிறகு முதல் பௌர்ணமி. இந்த ஊர் பௌர்ணமியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதை முழுக்க ஜனம், வண்டி உள்ளே போகாது, போன் பேசினால் நாம் பேசுவது நமக்கே திரும்பி வரும். பொறியாளர் அன்று எங்களோடு இருக்கவே வந்திருந்தார். காலையில் எல்லாப் புள்ளியும் நீலம். மதியமும் நீலம். கூட்டம் சேரச் சேர, பாதை ஓரத்து வீடுகளின் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. "டவர் தாங்கல மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் யார் யாருக்கோ போன் செய்து பார்த்தார். ஒன்றும் போகவில்லை. சாயங்காலம் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு நீலம்கூட இல்லை.

அப்போது ஓரத்து மேசையில் பழைய போன் அடித்தது. ஒரே ஒரு முறை. நின்றுவிட்டது.

கவிதா எட்டி எண்ணைப் பார்த்தாள். "கண்டக்டர் ஐயா மேடம்! பழைய பெட்டியில அடிச்சிருக்காரு. பழக்கம் போவல பாருங்க." அவள் முகத்தில் சந்தோஷம். எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு மணி. நின்றது. இன்னும் கொஞ்சம் கழித்து மூன்றாவது.

அவர் ரைட் சொல்வது காலையில். காபி குடித்ததும். ஒரு முறைதான். சாயங்காலம் மூன்று முறை சொல்ல அவருக்கு என்ன வந்தது? திருப்பிக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"வெளியில போயிருப்பாங்க மேடம். பௌர்ணமியாச்சே," என்றார் பொறியாளர்.

"அப்ப அடிச்சது யாரு?"

கேட்டபோதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. கண்டக்டருக்கு ஆபத்து என்றால் சிவப்பை அழுத்திவிட்டு விட்டுவிடுவார். துண்டிக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும், நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். துண்டிக்கிற ஆள் அது தெரியாத ஆள். தினம் காலையில் அவர் சிவப்பை அழுத்தி, சாம்பலை அழுத்துவதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்த ஆள். அந்தப் பெட்டியில் அப்படித்தான் அடிக்க வேண்டும் போல என்று நினைத்திருக்கிற ஆள்.

"கவிதா, அது சரோஜா அம்மா."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலிலிருந்து அந்தப் பலகைக்குப் போக சரோஜா அம்மாவால் முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு லேண்ட்லைனில் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். "மிஸ்டு காலா?" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். நம்பாமல் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டார். வண்டியை அனுப்புவதாகவும், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஊர்ந்துதான் போகும், எப்போது சேரும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். பாதையில் இருந்த மருத்துவ முகாமின் செல்போன் எண்ணுக்கு மறுபடி மறுபடி போட்டோம். போகவில்லை. எங்கள் வண்டியை அனுப்பினேன், போலீஸ் தடுப்பு வரைக்கும்தான் போக முடியும் என்று தெரிந்தே.

அந்த ஊருக்குள் பேசுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. கண்டக்டர் வீட்டிலிருந்து நான்கைந்து வீடு தள்ளி எல்லம்மா இருந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. அவர் வீட்டில் லேண்ட்லைன் இன்னும் உயிரோடு இருந்தது. ஆனால் எல்லம்மாவும் நம்முடைய பயனாளிதான். இருதய நோயாளி, கம்பு இல்லாமல் நடக்க மாட்டார். பௌர்ணமி அன்று வாசலைத் தாண்டக்கூடாது என்று அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னதே நாங்கள்தான்.

நான் எண்ணை அழுத்தத் தொடங்கியதும் பொறியாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், அவங்களும் நம்ம பொறுப்பு. இந்தக் கூட்டத்துல அவங்க விழுந்தா? அங்க ஒண்ணும் இல்லாம, இவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

அவர் சொன்னது சரி. இதை நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் சொன்னதும் சரி, நான் செய்யப்போனதும் சரி. பிழை இல்லாத வழி என்று ஒன்று அங்கே இல்லை. இரண்டு பக்கமும் உயிர். ஒரு கிழவியை இன்னொரு கிழவிக்காகக் கூட்டத்தில் தள்ளுகிறேன் என்று நினைத்தபோது போனைக் கீழே வைத்துவிடலாம் போலத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் முடிவு செய்தேன். எல்லம்மாவை ஏமாற்றி அனுப்பக்கூடாது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வாங்க என்று சொல்லக்கூடாது.

"எல்லம்மா, மையத்துல இருந்து பேசறேன். கண்டக்டர் வீட்டுல ஏதோ ஆயிருக்கு. என்னன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். வண்டி வர நேரமாகும். உங்களைத் தவிர அங்க நான் யாரையும் கூப்பிட முடியல. ஆனா உங்களுக்கு உடம்பு முடியாது, வெளியில கூட்டம் ஜாஸ்தி. நீங்க முடியாதுன்னு சொன்னா தப்பே இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ உருளும் சத்தம்.

"எல்லம்மா?"

"இன்னாம்மா இது பேச்சு. கம்பு எங்க வெச்சேன்னுதான் தேடறேன். தோ, ஆப்ட்டுது. போன வெக்கல, இப்டியே வெச்சுட்டுப் போறேன், நீ கேட்டுட்டே இரு."

அவர் போய்விட்டார். ரிசீவரைக் காதில் வைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டு வாசல் வழியாக அந்தத் தெரு முழுதும் எனக்குக் கேட்டது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. யாரோ மோர் கொடுக்கிறார்கள், "வாங்க சாமி, குடிச்சிட்டுப் போங்க". ஒரு குழந்தை அழுகிறது. கூட்டம் "அரோகரா" என்கிறது. இவ்வளவு ஜனம் அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தானே காலையிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். கவிதா என் தோளில் கை வைத்தாள். பொறியாளர் திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்ட கணக்கெல்லாம் தப்பாக இருக்க வேண்டும், எல்லம்மா திரும்பி வந்து என்னைத் திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஆண் குரல், மூச்சு வாங்க.

"ஹலோ, யாருங்க? நான் கிரிவலம் வந்தவன்ங்க. இங்க கம்பு வெச்ச அம்மா ஒருத்தங்க எங்களைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. பெரியவரு பின்னால பாத்ரூம்ல கெடக்கறாரு. பேச்சு இருக்குது. கால அசைக்க முடியல. நாலு பேரு கட்டில்ல வெச்சு மெடிக்கல் கேம்புக்குத் தூக்கிட்டுப் போறாங்க. அவரு சம்சாரம் கதவாண்ட தரையில கெடந்தாங்க, பெட்டிய மார்மேல வெச்சுக்கிட்டு. அவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டோம்."

"அந்தக் கம்பு வெச்ச அம்மா?"

"அவங்கதாங்க கட்டிலுக்கு முன்னால வழி வுடச் சொல்லி கத்திட்டுப் போறாங்க."

கவிதா அழுதுவிட்டாள். நான் அழவில்லை. அழுகை எனக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தது.

பௌர்ணமி அன்று காலையில் சரோஜா அம்மாவுக்குக் காபி கொடுத்துவிட்டுக் கண்டக்டர் குளிக்கப் போயிருக்கிறார். கழுத்துப் பொத்தானைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், ஈரம் படக்கூடாது என்று. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கத்தினார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் வாசலில் கடை போட்டும் மோர் ஊற்றியும் கொண்டிருந்தார்கள். சரோஜா அம்மாவுக்கு மட்டும் கேட்டது. அவர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, ஒற்றைக் கையால் தன்னை இழுத்துக்கொண்டு கதவோரம் வந்து சேர்ந்து, வயரைப் பிடித்து இழுத்துப் பெட்டியைக் கீழே தள்ளியிருக்கிறார். அதற்கு அவருக்கு அந்தப் பகல் முழுதும் ஆகியிருக்கிறது. டவர் போகும்வரை ஜன்னலோரம் இருந்த புதுப் பெட்டி எங்கள் திரையில் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். குரல் கம்மிப்போயிருந்தது.

"விழுந்ததும் எனக்குப் பயமே இல்லம்மா. காலையில ரைட் சொல்லலல்ல, இப்பத் தேடுவாங்க, போன் பண்ணுவாங்க, எடுக்கலன்னா ஆள் அனுப்புவாங்கன்னு தைரியமாத்தான் கெடந்தேன். ரொம்ப நேரம் வாசப் பக்கமே காத வெச்சிட்டு இருந்தேன். அப்பாலதான் ஞாபகம் வந்துச்சு, அத நிறுத்திட்டமேன்னு."

குறையாகச் சொல்லவில்லை அவர். நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

எலும்புக்கு வைத்தியம் இருந்தது. ஆனால் ஒரு பகல் முழுதும் அசையாமல் தண்ணீர் இல்லாமல் கிடந்ததில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். சில நாள் போராடினார். இறந்துவிட்டார். காலையிலேயே கண்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கேஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் பேசுவதற்கு நிறைய வைத்திருந்தேன். பேச வேண்டிய அவசியம் வரவில்லை. பொறியாளர்தான் எழுந்தார்.

"சார், இந்த மேடம் அன்னைக்கே கேட்டாங்க, ஆள் இருக்கறத யார் சொல்றதுன்னு. நான் பெட்டியப் பத்தி பதில் சொன்னேன். பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு."

அவர்தான் பச்சைப் பொத்தானைச் செய்தார். அழுத்தினால் அழைப்பு வராது, பதிவு எதுவும் தொடங்காது, சிவப்பை வழிமறிக்காது. ஒரு சின்னச் செய்தி மட்டும் வரும். டவர் நிரம்பியிருந்தால் வழி கிடைக்கும் வரை திரும்பத் திரும்பத் தட்டும். வந்தால் உங்கள் திரையில் புள்ளி பச்சையாகும். வழக்கமான நேரத்துக்கு வராவிட்டால் அந்தப் பெயர் மேலே ஏறி நிற்கும். அதிகாரி மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அறிக்கையில் "தவறான அழைப்பு" என்ற சொல்லையும் அடித்துவிட்டார், நான் கேட்காமலே.

காலையில் உங்களுக்கு வேலையைக் கூட்டுவது அந்தப் பொத்தான்தான். ஆபத்து என்று கூப்பிட்டவரிடம் ஓட உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், கால் தானாக ஓடும். கூப்பிடாதவரைத் தேடிப் போவதற்குத்தான் மனசு வேண்டும். அப்படிப் போய்ப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது முறை அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், எழுந்து உங்களைத் திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று பாக்கி. கண்டக்டருக்குக் காரியம் முடிந்த மறுநாள். சரோஜா அம்மாவோடு இருக்க அவர் தங்கை வந்திருந்தார், பழைய பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார். அடி அண்ணாமலையில் இன்னும் லேண்ட்லைன் எடுக்கவில்லை, புதுப் பச்சைப் பொத்தானும் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. நானும் கவிதாவும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஓரத்து மேசையில் அந்தப் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது.

இருவரும் எண்ணைப் பார்த்தோம், கண்டக்டர் வீட்டு எண். இருவருமே எழுந்து நின்றுவிட்டோம். கவிதா போனைப் பார்த்து மெதுவாக, "ரைட்டும்மா" என்றாள், அந்தப் பக்கம் கேட்காது என்று தெரிந்தும்.

இப்போது அந்த லைன் இல்லை. பச்சைப் பொத்தான் அவர் இடது கைக்குப் பக்கத்தில், கட்டில் சட்டத்திலேயே பொருத்தியிருக்கிறது. நாளைக் காலை அடி அண்ணாமலைப் பக்கம் உங்கள் திரையில் முதலில் பச்சையாகும் புள்ளி அவருடையது. அது ஆகவில்லை என்றால் எனக்குப் போன் போட்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். கையில் இருக்கும் டீயை வைத்துவிட்டு, முதலில் ஆளை அனுப்புங்கள்.